புது ஆம்ப்ளிஃபயர்

“ஷட்டரை இறக்கு நூரி. வெளியே ஒரு வார்த்தைகூடக் கேக்கக் கூடாது” என்றாள் உம்மு மாஜித், அபாயா அங்கிக்குள்ளிருந்து ஒரு கேசட்டை எடுத்தபடி. “எங்கண்ணன் அனுப்பின பேரீச்சம்பழக் கூடைக்கு அடியில இருந்துச்சு. யாருக்கும் தெரியாமக் கேளுன்னு சொல்லி விட்டிருக்கான்.”

நூரி எதிர் டீக்கடையைப் பார்த்தான். ஆளுங்கட்சிக்கார ஸாபிர் வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்திருந்தான். பஸ்ராவின் அந்தத் தெருவில் யார் தும்மினாலும் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும், படுபாவி. நூரி ஷட்டரை இறக்கினான்.

கேசட் கடைக்குள் இரண்டு ஸ்பீக்கர், தெருவுக்குப் பாட்டுப் போட வாசலில் இரண்டு. புது ஆம்ப்ளிஃபயருக்கு நான்கின் ஒயரையும் பொருத்துவதற்குள் காலையில் நூரிக்குத் தாவு தீர்ந்துவிட்டது. இப்போது வாசல் ஸ்பீக்கருக்கான சுவிட்சை அணைத்துவிட்டுக் கேசட்டைப் போட்டான்.

“யம்மா, நான் மாஜித்...”

“காது மந்தம்டா எனக்கு. இன்னும் கூட்டு.”

கூட்டினான்.

“யம்மா, நான் சண்டைக்குத் திரும்பிப் போகல. ஓடி வந்துட்டேன். மாமா பேரீச்சந்தோப்புல பம்ப்செட் ரூம்ல இருக்கேன். வெள்ளிக்கிழமை ரொட்டி குடுத்து விடு.”

படையை விட்டு ஓடியவன் பிடிபட்டால் விசாரணையெல்லாம் கிடையாது, துப்பாக்கிதான்.

“உசுரோட இருக்கான்டா!” மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள் உம்மு மாஜித். “இன்னொரு தடவை போடு ராசா, ஒரே ஒரு தடவை.”

போட்டான். ஆம்ப்ளிஃபயர் மேல் கை வைத்தவன் வெடுக்கென்று எடுத்தான். ரெண்டே ஸ்பீக்கருக்கு இப்படிச் சுடக் கூடாதே! புதுசு அல்லவா, போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டான்.

“யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

“குர்ஆன் மேல சத்தியம், தாயி. கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேன்.”

அவள் கண் முன்னாலேயே கேசட்டை அழித்தான். அவன் கையைப் பிடித்து முத்தமிட்டாள் அவள். இனி ஒருத்தனுக்கும் தெரியப்போவதில்லை என்ற நிம்மதியோடு நூரி ஷட்டரைத் தூக்கினான்.

டீ குடித்தவர்கள் கிளாஸைப் பிடித்தபடியே அவர்கள் இருவரையும் பார்த்தார்கள். தலைக்கு மேலே வாசல் ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று இரைந்துகொண்டிருந்தது. ஸாபிரின் நாற்காலி காலியாக இருந்தது.

டீக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

“நீ ரெண்டாவது தடவை போடுறப்பவே தோப்புக்குக் கிளம்பிட்டான், நூரி.”