தட்டோடு வந்தவர்கள்

"இந்தப் பூவ வெச்சுக்கினு வாடி. ரெண்டே நிமிஷம் வந்து நின்னுட்டுப் போயிடு" என்று லோகாம்பாள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

கமலவேணி நகரவில்லை. அவள் ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் வேலையில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அதற்குள் மூன்று பிள்ளை வீட்டார் அந்தக் காஞ்சிபுரத்து வீட்டுக்கு வந்து சொஜ்ஜி தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "வேலைய விட்டுட்டா மேல பேசலாம்."

"திங்கக்கிழமை நான் மெட்ராஸ் போறேம்மா. பெரிய நர்ஸிங் ஹோம், ஆர்டரும் வந்தாச்சு. இனிமே எவன் வீட்டு ஆளுங்க முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்."

"வயசுப் பொண்ண மெட்ராசுக்குத் தனியா அனுப்பமாட்டேன்னு உங்கப்பா தலைகீழா நிக்கிறாரு. நீ வேற! மெதுவாப் பேசு. தட்டோட வந்திருக்காங்க."

தட்டு கூடத்து ஜமுக்காளத்தில் இருந்தது. வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு பழம், நாலு முழம் மல்லி. கொண்டுவந்தவர்கள் முசரவாக்கத்துக்கும் அந்தாண்டை ஒரு கிராமத்தைச் சேர்ந்த அப்பாதுரையும் அவர் மனைவி கங்கையம்மாளும்.

அப்பாதுரை ஏதோ சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம், கமலவேணியின் அப்பா முனிரத்தினம் குறுக்கே விழுந்தார். "தட்டப் பாத்தாலே தெரியுதே! மொதல்ல காபி சாப்பிடுங்க." பெண்ணைப் பெற்ற மனிதருக்கு அவ்வளவு அவசரம். அடுத்த வீட்டுத் தறிச் சத்தம்கூட நின்றுவிட்டது. அவர்கள் காதும் இங்கேதான்.

"சரி, வரேன். ஆனா நான்தான் பேசுவேன்" என்றாள் கமலவேணி.

டியூட்டி முடிந்து வந்த வெள்ளைப் புடவையோடு, பூவும் இல்லாமல் காபித் தட்டும் இல்லாமல் கூடத்துக்கு வந்து நின்றாள். கும்பிட்டாள்.

"மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் வருத்தப்படாதீங்க. நான் வேலைய விட மாட்டேன்."

லோகாம்பாள் கதவோரம் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"யாரும்மா உன்ன விடச் சொன்னது?" என்றார் அப்பாதுரை.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக எடுத்து வீசினாள். "ராத்திரி டியூட்டியும் பாக்கறேன். ரத்தம், சீழு, மூத்திரம் எல்லாத்துலயும் கைய வெக்கிறேன்."

"அருவருப்புப் பாத்தா ஆவுமா?" என்றாள் கங்கையம்மாள்.

கமலவேணிக்குக் கோபம் ஏறியது. இவர்கள் எதற்குமே மசிய மாட்டார்களா?

"பதினாலு பிரசவம் பாத்திருக்கேன். ஒரு கொழந்தைக்குக் கால்தான் மொதல்ல வந்துது. கை நடுங்காம இழுத்துப் போட்டேன். அடக்க ஒடுக்கமா வீட்டுல ஒக்காந்துக்கினு இருக்கிற பொண்ணு வேணும்னா வேற எடம் பாருங்க."

கங்கையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போச்சு, நாலாவது இடமும் போச்சு என்று லோகாம்பாள் தனக்குள் புலம்பினாள்.

அப்பாதுரை தொண்டையைச் செருமினார். "சைக்கிள் வுடுவியாம்மா?"

"வுடுவேன். புடவையத் தூக்கிச் சொருகிக்கினு நல்லாவே வுடுவேன்."

"போதும்மா" என்று அவர் மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

முனிரத்தினத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. இத்தனை வாய் பேசியும் வேண்டாம் என்று சொல்லாத சம்பந்தி எங்கே கிடைப்பார்?

"ரொம்ப சந்தோஷம்ங்க. பையன் இன்னா பண்றாரு? ஜாதகம் கொண்டாந்திருக்கீங்களா?"

"எந்தப் பையன்?" என்றார் அப்பாதுரை.

முனிரத்தினம் தட்டையும் மகளையும் மாறி மாறிப் பார்த்ததும் அப்பாதுரை பதறிப்போனார்.

"ஐயோ, தப்பா நெனச்சுட்டீங்களே! எங்க ஊர்ல பிரசவ ஆஸ்பத்திரி கட்டி ஒரு வருஷம் ஆவுது. வந்த நர்ஸுங்க மூணு பேரும் பட்டிக்காடுன்னு திரும்பிப் போயிட்டாங்க. பூட்டியே கெடக்குதுங்க. அந்தப் பொண்ணு சம்மதிச்சா மேலிடத்துக்கு எழுதி உங்க ஊருக்குப் போடறேன், போய்க் கேளுங்கன்னு இங்க பெரியாஸ்பத்திரி டாக்டரம்மாதான் அனுப்பிச்சாங்க."

"அப்ப இந்தத் தட்டு?" என்றார் முனிரத்தினம்.

"ஒரு வீட்டுப் பொண்ண எங்க ஊருக்கு வான்னு கூப்பிடறோம். கைய வீசிக்கினா வர்றது?"

கங்கையம்மாள் தலை நிமிரவில்லை. "போன மாசம் எங்க மருமகள மாட்டு வண்டியில போட்டுக்கினு இங்க வந்தோம்மா. ஆஸ்பத்திரி வாசல்லயே போயிட்டா. வவுத்துல கொழந்தையோட."

முனிரத்தினம் சட்டென்று எழுந்தார். மாப்பிள்ளை இல்லை என்றதும் அவருக்கு மெட்ராஸ் இனிக்க ஆரம்பித்துவிட்டது. "அதெல்லாம் தோதுப்படாதுங்க. எங்க பொண்ணு திங்கக்கிழமை மெட்ராசுக்குப் போவுது. ஆர்டரே வந்தாச்சு."

கமலவேணி அப்பாவைப் பார்த்தாள். பிறகு யாரும் உட்காரச் சொல்லாமலே கங்கையம்மாளின் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"உங்க ஊர்ல இப்ப எத்தன பேரு மாசமா இருக்காங்க?"