பம்புக்குப் போட்ட கொட்டகை

ஊர் முகப்பில் புதிதாய்ப் போட்ட கீற்றுக் கொட்டகை மத்தியான வெயிலில் காய்ந்து முறுகி நிற்கிறது. உள்ளே, ஜப்பானிலிருந்து உதவியாக வந்த தீயணைப்பு பம்பு இருக்கிறது. அதன் சிவப்பு உடம்பில் சந்தனப் பொட்டு, சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். சிதம்பரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் குடிசைகள் சாம்பலாகிவிடும் ஊர் என்பதால் கிடைத்த பம்பு. வெயிலில் பெயிண்ட் வெளுத்துவிடக் கூடாதென்று ஊரே கூடிக் கொட்டகை போட்டது. எதிரே வெட்டு முடிந்த கரும்புக் கொல்லையில் காய்ந்த தோகையான சோகையைக் கொளுத்தியிருக்கிறார்கள். படபடவென்று அது வெடிக்கும் சத்தம் சற்றுமுன் கேட்டதைவிடப் பக்கத்தில் கேட்கிறது. பம்பு ஓட்டப் பழகிய வெண்மதி, தன் துப்பட்டா எந்தப் பக்கம் பறக்கிறதென்று பார்க்கிறாள். "மாமா, காத்து நம்ம பக்கம் திரும்பிடுச்சி. பம்ப வெளிய இழுத்துடலாம்." கொட்டகைக் காலில் சாய்ந்திருக்கும் லூர்துசாமி அசையவில்லை. "வருசா வருசம் கொளுத்துறதுதான? நாளைக்கி பம்பு குடுத்த ஜப்பான்காரங்க போட்டோ எடுக்க வராங்க. புழுதி படாம கெடக்கட்டும்." எரிந்தும் எரியாத சோகைத் துணுக்கு ஒன்று, ஓரத்தில் சிவப்பு நெளிய, சாலையைத் தாண்டி மிதந்து வருகிறது. வெண்மதியின் தலைக்கு மேலே போகிறது. கீற்றின்மேல் மெல்ல உட்காருகிறது.