பிசிறு

“இழுக்குது தம்பி. தாடியை எடுக்கச் சொன்னா தோலை உரிக்கிறே!”

நாற்காலியில் சாய்ந்திருந்த சலூன்காரர், பாதி நுரை முகத்தோடு நிமிர்ந்தார். இளைஞன் கத்தியைச் சட்டென்று எடுத்துவிட்டான்.

“தீட்டினதும் கை முடியில வெச்சுப் பார்த்தேன் மாமா. தொட்டதும் உதிர்ந்துச்சு.”

“மாமாவா? அதுக்குள்ளயா? நீ தீட்டின கத்தி என் கன்னத்துல வழுக்கிக்கிட்டுப் போகணும். போனாத்தான் கடையில பங்கு, என் பொண்ணு, எல்லாம். பேச்சு அதுதானே?”

கத்தியை உள்ளே வாங்கிப்போய் வெந்நீரில் சூடுபண்ணிக் கொண்டுவந்து கொடுத்த மகள், கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“நிக்கிறா பாரு. உனக்கும் சேர்த்து அவ பயப்படுறா,” என்றார் அப்பா.

இளைஞன் கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“என்ன, முனையில பிசிறு நிக்குதா?”

“ஆமா... பிசிறுதான். இன்னொரு தடவை தீட்டிடறேன்.”

கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டினான். தோல்பட்டையில் முன்னும் பின்னும் இழுத்தான். கை முடியில் வைத்தான், சத்தமில்லாமல் உதிர்ந்தது.

மகள் கை நீட்டினாள். “குடுங்க, சூடுபண்ணித் தரேன்.”

“வேண்டாங்க. நானே பண்ணிக்கிறேன்.”

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. அவன் உள்ளே போய்த் திரும்பினான். புதிதாக நுரை பூசி, மூச்சை அடக்கிக்கொண்டு, கன்னத்தில் கத்தியை வைத்தான்.

“ஐயோ!”

நுரையில் சிவப்பு படர்ந்தது. துண்டை உதறிக்கொண்டு எழுந்தார் அவர்.

“எரியுதுடா! இதுக்கு மொத தடவையே தேவலை! கத்தி தீட்டத் தெரியாதவனுக்குப் பொண்ணு ஒரு கேடா? போ, போய் வேற பொழப்பைப் பாரு!”

இளைஞன் கத்தியைத் துடைத்து வைத்தான். கல்லையும் தோல்பட்டையையும் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினான்.

அப்பா முகம் கழுவப் போன நேரம் பார்த்து அவள் ஓடிவந்தாள். தெருமுனையில்தான் அவனைப் பிடிக்க முடிந்தது. மூச்சிரைத்தது.

“மன்னிச்சிடுங்க. எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லை. அப்பாகிட்ட சொல்ல வாய் வரலை. கத்தியை உள்ளே கொண்டுபோய் செங்கல்லுல தேய்ச்சது நான்தான்.”

“தெரியும். மொத தடவை நீங்க,” என்றான் அவன். “ரெண்டாவது தடவை தேய்ச்சது நான்.”