பின்கதவு

ஆர்.டி.ஓ. ஆபீசில் நேற்று பாஸான பஸ், இன்று காலையிலேயே பாடி கட்டும் பட்டறைக்குத் திரும்பி வந்து நின்றது. பின்னாலிருக்கும் அவசரக் கதவை வெல்டிங் வைத்து அடைத்து, அங்கே ரெண்டு சீட்டு போட வேண்டும். பஸ் முதலாளிகள் எல்லாரும் கேட்பதுதான். பட்டறை வெல்டர் சவரிமுத்துவும் இத்தனை வருசமாக முகம் சுளிக்காமல் அடைத்துக் கொடுத்தவன்தான். போன மாதம் பைபாஸில் ஒரு பஸ் எரிந்தது. பதினோரு பேர். தகரமெல்லாம் நெளிந்து போயும், பின்கதவில் அவன் வைத்த வெல்டிங் மட்டும் விடவேயில்லை.

சீட்டை முடுக்கிவிட்டு இறங்கினான்.

“இன்னும் என்னய்யா யோசனை? பத்து நிமிஷ வேலை,” என்றார் பஸ் முதலாளி.

“சீட்டு ஆடுதான்னு ஒருக்க உக்காந்து பாருங்க மொதலாளி.”

அவர் ஏறிப்போய்க் கடைசி சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். சவரிமுத்து பின்கதவைச் சாத்தி, சுற்றிலும் வெல்டிங் வைத்தான். டிரைவர் கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அப்புறம் முன்பக்கம் வந்து, ஏறும் கதவை இழுத்துச் சாத்தி அதிலும் வெல்டிங் ராடை வைத்தான். பொறி பறந்தது.

“டேய், பைத்தியமாடா நீ? நான் எப்பிடிடா எறங்குறது?”

“பின்னாடி எறங்குங்க மொதலாளி.”