ஏட்டு வைத்த அரக்கு

இதில் அந்த ஆளுக்கு என்ன லாபம் என்பதுதான் ஓய்வுபெற்ற ஏட்டுக்குப் பிடிபடவே இல்லை.

மூன்று நாள் முகாம். ஃபோன் பைத்தியத்தைத் தெளிய வைப்பார்களாம். ஊருக்கு வெளியே பங்களா, தனித்தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, எல்லாம் இலவசம். ஒரே நிபந்தனை, வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் வர வேண்டும்.

"ஒருத்தர் விட்டு, பக்கத்துல இன்னொருத்தர் நோண்டிக்கிட்டிருந்தா, விட்டவருக்கும் கை அரிக்கும் சார்" என்றான் முகாமை நடத்துகிற வழிகாட்டி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கறீங்களே" என்று மனைவி முறைத்தாள்.

"மாடு ஏன் தானமா வருதுன்னுதான்டி பார்க்கறேன்."

"முப்பது வருஷம் ஸ்டேஷன்ல உட்கார்ந்து, அடுத்தவங்க பிடிச்ச திருடனுக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதினீங்க. இப்ப மட்டும் என்ன புதுசா?"

வலிக்கிற இடமாகப் பார்த்து அடிப்பதில் அவள் கெட்டிக்காரி. ஏட்டு முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். போன வாரம் அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரமே ஓட்டையானபோது அவர் பக்கத்திலேயே நின்று, பால் பொங்காமல் காய்ச்சுவது எப்படி என்ற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

மற்றவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? ஃபோனில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நல்ல பல்லைப் பிடுங்கிய பல் டாக்டர். உறை மாட்டிக் குளியலறைக்கும் ஃபோனைக் கொண்டுபோகிற பேராசிரியை. ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு 'காபி' என்று மெசேஜ் அனுப்புகிற வீட்டுமனை வியாபாரி. இப்படிப் பன்னிரண்டு குடும்பம், முப்பத்தொரு ஃபோன். அத்தனையையும் அணைத்து ஒரே இரும்பு பீரோவில் அடுக்கினான் வழிகாட்டி.

ஏட்டுக்குப் பொறி தட்டியது. லாபம் இதுதான். ஒவ்வொன்றும் ஒரு மாதச் சம்பளம் பெறும். ஒரு சாக்கும் ஒரு வண்டியும் போதும்.

இந்த ஒரு திருட்டையாவது தடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார்.

பீரோவுக்கு இரண்டாவதாக ஒரு பூட்டுப் போட்டு, அதன் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். இனி இரண்டு பேரும் சேர்ந்தால்தான் திறக்கும். ஆனால் பூட்டைத் தொடாமலே பின்பக்கத் தகட்டைக் கழற்றலாம். ஆகவே பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளினார். கைப்பிடிகள் இரண்டையும் நூலால் இறுகக் கட்டினார். முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, இறுகுவதற்குள் எச்சில் தொட்ட கட்டைவிரலைப் பதித்தார். உடைந்த அரக்கை மறுபடி உருக்கி ஒட்டிவிடலாம், ரேகையை ஒட்ட முடியாது.

"எனக்கு இது தோணவே இல்லையே சார்" என்றான் வழிகாட்டி. "நீங்களே பக்கத்துல கட்டில் போட்டுக்கங்க. யார் வந்து கெஞ்சினாலும் திறக்காதீங்க."

கெஞ்சத்தான் செய்தார்கள். முதல் நாள் எல்லோருடைய கட்டைவிரலும் வெறும் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தது. பேராசிரியை கொண்டை ஊசியோடு பூட்டுக்குள் ஆராய்ச்சி செய்து பிடிபட்டார். வீட்டுமனை வியாபாரி கிட்டத்தட்ட அழுதார்.

"ஒரே நிமிஷம் ஏட்டய்யா. நேத்து போட்ட போட்டோவுக்கு எத்தனை லைக்னு மட்டும் பார்த்துக்கறேன்."

"உம்ம மூஞ்சியை நாங்க நேர்லயே பார்த்துட்டுச் சும்மாதானே இருக்கோம். போய்ப் படும்."

மூன்றாம் நாள் கணவன்மாரும் மனைவிமாரும் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார்கள். பேச விஷயம் இல்லாமல் தடுமாறியது வேறு கதை. காவல் மும்முரத்தில் ஏட்டுக்குத் தன் ஃபோன் ஞாபகமே வரவில்லை. வழிகாட்டியோ பீரோ இருந்த பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் விடிந்ததும் அவன் தன் சாவியை ஏட்டின் கையில் வைத்தான்.

"அடுத்த ஊர்ல முகாம் சார். பத்து மணிக்கு நீங்களே திறந்து கொடுத்துடுங்க. உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா எனக்குக் கவலையே இல்ல."

பத்து மணிக்கு ஏட்டு குனிந்து அரக்கைப் பார்த்தார். ரேகை வைத்தபடியே இருந்தது. உடைத்துத் திறந்து எண்ணினார். முப்பத்தொன்று. ஒரு கீறல் இல்லை.

"பரவாயில்லையே, முதல் தடவையா ஒரு திருட்டைத் தடுத்துட்டீங்க" என்றாள் மனைவி. அவள் குரலில் கிண்டல் இல்லை. முப்பது வருஷத்துக்கும் சேர்த்து ஏட்டின் நெஞ்சு நிமிர்ந்தது.

ஃபோன்கள் உயிர் பெற்றன. கூடம் முழுக்க ஒரே கிணுகிணுப்பு. முதலில் வெளுத்தது பல் டாக்டரின் முகம். அவர் வீட்டு வாசல் கேமரா 'ஆள் நடமாட்டம்' என்று நாற்பத்தேழு தடவை எச்சரித்திருந்தது. படத்தில் இரண்டு பேர் அவருடைய டிவியை நிதானமாக வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியையின் ஃபோனிலும் அதே வேன். வீட்டுமனை வியாபாரியின் ஃபோனிலும் அதே வேன்.

மனைவி தன் ஃபோனை ஏட்டின் முன் நீட்டினாள். அவர்கள் வீட்டு வாசலில் நின்ற ஒருவன், கேமராவைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்திருந்தான்.

வாசல் கேமரா திருடனைத் தடுக்காது, சொந்தக்காரரின் ஃபோனைக் கூப்பிட மட்டும் செய்யும். ஆகவே கேமராவை உடைக்கத் தேவையில்லை, வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் தங்கள் ஃபோனை ஊருக்கு வெளியே கொண்டுவந்து பூட்டிவிட்டு, ஒருவரும் தொடாதபடி ஒரு போலீஸ்காரரையும் காவல் வைத்துக்கொண்டால் போதும்.