பக்கச் சக்கரங்கள்

மரகதவல்லி இறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அவள் ஓட்டிய ஸ்கூட்டரின் பின்னால் இருபுறமும் பொருத்தியிருந்த சின்னச் சக்கரங்களைக் கழற்ற உட்கார்ந்தார் அவள் கணவர் ஞானசேகர். போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார், சுத்தியலால் தட்டினார், ஸ்பேனரைக் காலால் மிதித்தும் பார்த்தார். அசையவில்லை.

போலியோவில் ஒரு கால் சூம்பிய அவள் ஆறு வருடம் அதில்தான் வேலைக்குப் போய்வந்தாள். தினமும், "ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போறேன்" என்பாள். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டு அவர் குறுக்குச் சந்தில் நுழைந்துவிடுவார். தெருவே பார்க்க அந்த வண்டியில் ஏற அவருக்குக் கூச்சம். இப்போது சக்கரங்களைக் கழற்றிவிட்டால் அவரே ஓட்டலாம்.

சத்தம் கேட்டு மகள் நிறைமதி வெளியே வந்தாள். "என்னப்பா பண்றீங்க?"

"வண்டிய, கால் முடியாதவங்க யாருக்காவது குடுத்துடலாம்னு..."

"அவங்களுக்குத்தானேப்பா இந்தச் சக்கரம் வேணும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பேனரை அழுத்தினார். அந்த நேரம் பார்த்து போல்ட் கிரீச்சென்று கால் சுற்று இளகியது.

நிறைமதி, "நீங்க ஏன் நடந்து போனீங்கன்னு அம்மாவுக்குத் தெரியும்ப்பா" என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, கழன்று விழாதபடி சக்கரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"ம், சுத்துங்க."

அவருக்குக் கை வரவில்லை.