ஒரு சாண் இஞ்சின்

“இது வூட்டுக்கு வரக்கூடாது மச்சான், அவ்ளோதான்!”

“வரும். நானே தூக்கினு...”

“போன வெள்ளி அந்தத் தறி. அதுக்கு முந்தின வெள்ளி அச்சு மிஷின்...”

“சும்மா தறியா அது? மொதமொதல்ல வந்த நெசவு மிஷினோட மாடல்! ஒரு நூல் பிசகாம...”

“அந்த மாடலெல்லாம் நம்ம சோயாவோட கட்டில் மேல குந்திக்கினு கீது. பத்தாவது படிக்கிற பொண்ணு தரையில படுக்குது!”

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. நெருக்கித் தள்ளும் கூட்டத்துக்கு நடுவே, ஒரு தார்ப்பாயை ஒட்டி நின்று ஷாயிஸ்தாவும் அவள் கணவன் ஜாகிரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய் ஓரத்தில் குத்துக்காலிட்டிருந்தார் ஏசுபாதம், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டைக்குக் காரணமான பித்தளை இஞ்சின் அவர் கையில் இருந்தது. ஒரு சாண் உயரம்தான்.

“நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்மா,” என்றார். “ஆதியில சுரங்கத்துத் தண்ணிய இறைச்ச நீராவி இஞ்சின் இருக்கே, அதோட குட்டி. திருகாணி முதக்கொண்டு கையால கடைஞ்சது.”

“இருக்கட்டும் ஐயா. என் வூட்ல ஊசி நுழைய எடம் இல்ல.”

“ஓடுதான்னு பார்த்துடலாமா?”

பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார். இஞ்சினுக்குள் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, அடியிலிருந்த குட்டி விளக்கில் ஸ்பிரிட் விட்டு ஏற்றினார்.

ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை.

“நான் அப்பவே...” என்று ஷாயிஸ்தா வாயெடுத்தாள்.

டக்.

மேலே கிடந்த பித்தளைக் கை ஒரு தரம் தலையாட்டியது. சக்கரம் கால் சுற்று சுற்றி, யோசித்து நின்று, பிறகு முழுதாகச் சுற்றியது. டக்... டக்... டக்டக்டக்.

பக்கத்தில் பழைய மிக்ஸி விற்றவர் கூவலை நிறுத்தினார். தலைக்கு மேலே விமானம் ஒன்று இரைந்துகொண்டு இறங்கியது. ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஷாயிஸ்தா அப்படியே மண்டியிட்டாள். விரல் நுனி அளவு நெருப்பு, அரை டம்ளர் தண்ணீர். கொடுத்தது இவ்வளவுதான், இரும்புக்கும் பித்தளைக்கும் மூச்சு வந்துவிட்டது. அந்த மூச்சு அவள் கன்னத்தில் வெதுவெதுப்பாகப் பட்டது.

“யா அல்லாஹ்! இத எவன் மச்சான் மொதல்ல யோசிச்சிருப்பான்?”

ஜாகிரும் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டான்.

விளக்கு அணைந்து, சக்கரம் ஓய்ந்து நின்ற பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. சூடு ஆறியதும் இஞ்சினை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“சோயா இத பார்க்கணும். துணி எடுங்க மச்சான், பதமா சுத்திக்கலாம்.”

ஏசுபாதம் சட்டைப்பையிலிருந்து எடுத்த ரூபாய் நோட்டுகளோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாலு வெள்ளியா காசோட வந்து நிக்கிறேன், ஒரு சாமானாவது குடுத்தீங்களா? விக்கிறதுக்கு மனசு வராதவங்க எதுக்கும்மா வாரா வாரம் இங்க வந்து கடை விரிக்கிறீங்க?”